லாஸ்ட் பஸ் ஓடுமா?

மார்ச் 26, செவ்வாய்

லாஸ்ட் பஸ்ஸுக்கு நுவரெலியா பெரிய கப்புக்குப் பேர் குடுத்தாச்சு, பேர் குடுத்தாச்சு, பேர் குடுத்தாச்சு!!!

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பஸ்ஸுக்கு எதுக்கடி கப்?" என்றார். குதிரை அம்மா, குதிரை! அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "குதிர வெண்டா இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திராத, கொட்டாஞ்சேனை வீட்டில மனுசருக்கே இடமில்ல."

அவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது. ஐந்து வயது. கபில நிறம். ஓட்டம் முழுக்கப் பின்னால் நின்றுவிட்டு கடைசி வளைவில்தான் எழும்புவான், அதனால்தான் அந்தப் பெயர். வெள்ளவத்தையில் பாத்ரூம் சாமான் கடை வைத்திருக்கும் மஷூர் அங்கிளின் குதிரை. அவருடைய மகள் நுஹா போட்ட அறுபத்து மூன்று வீடியோவும் எனக்கு மனப்பாடம். ரசிகர் பேஜ்கூட நடத்துகிறேன். 212 பேர்.

நேரில் ஒருநாளும் பார்த்ததில்லை. காலிமுகத்திடலில் பொலிஸ் குதிரை ஒன்றைத் தொட்டிருக்கிறேன். அது கணக்கில் வராது.

மார்ச் 27, புதன்

மானம் போச்சு. பேர் குடுத்தால் ஓடும் என்று நினைத்து பேஜில் வெடி கொளுத்தாத குறை. நுஹா மெசேஜ் போட்டாள்: "டெனிஷா, இப்ப பேர் மட்டும்தான் குடுத்தீக்கி. ஓடுதா இல்லையா எண்டு வாப்பா ஏப்ரல் பத்து, பின்னேரம் நாலு மணிக்குள்ள முடிவு செல்லணும்."

பதினான்கு நாள். எப்படித் தாங்குவது?

ஏப்ரல் 2, செவ்வாய்

ஓட்டம் 20ஆம் திகதி. 19, 20 லீவு கிடைத்தது. மனேஜர் கேட்டார், "குதிரை பார்க்கவா? என்ன, சொந்தக்காரரோ?" ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

நுஹா தங்கள் ஆட்களோடு வேலிக்குப் பக்கத்திலேயே நிற்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவன் கடைசி வளைவில் எழும்பும்போது மண் என் முகத்தில் தெறிக்கும். தெறிக்கட்டும். கழுவவே மாட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

லாயத்தில் அவனைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் பழனியம்மா அக்கா புது வீடியோ போட்டிருக்கிறார். முன்னால் அவருடைய சிரிப்பு, பின்னால் லாஸ்ட் பஸ் மெதுவோட்டத்தில்.

வழக்கம்போல வேகத்தைக் கால்வாசியாக்கிப் பார்த்தேன். முன் வலது கால்.

நிலத்தில் பட்டதும் சுடுசட்டியில் வைத்த மாதிரிக் கொஞ்சம் முந்தி எழும்புகிறது. மற்றக் கால் அப்படி இல்லை. பதினாலு தரம் பார்த்தேன். பதினாலு தரமும்.

நான் யார்? எல்லாம் இன்டர்நெட்டில் பார்த்துப் படித்தது. குதிரை முதுகில் ஏறக்கூடத் தெரியாது.

சொன்னால் ஓட விடமாட்டார்கள். சொல்லாவிட்டால்—

ஏப்ரல் 6, சனி

நுஹாவிடம் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் மஷூர் அங்கிளே கோல் எடுத்தார்.

"மகள், நீங்க மிருக டொக்டரா?"

"இல்ல அங்கிள்."

"ட்ரெய்னரா?"

"இல்ல... வீடியோ பார்த்துத்தான்..."

"செரி, ட்ரெய்னருக்கிட்ட பார்க்கச் செல்றன்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 8, திங்கள்

ஒன்றுமில்லை! ட்ரெய்னர் வலது காலைத் தூக்கி, மடக்கி, அமுக்கிப் பார்த்தாராம். சூடில்லை, வீக்கமில்லை. விழுந்து விழுந்து சிரித்தாராம். அங்கிள் வொய்ஸ் அனுப்பியிருக்கிறார்: "மகள், உங்கட ஃபோன்ல நெட் சுத்தினத்துக்கு என்ட குதிர நொண்டுமா?"

வெட்கம்தான். ஆனால் இவ்வளவு சந்தோஷமான வெட்கம் வந்ததே இல்லை. போய் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஓடுவான். நான் பார்ப்பேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அந்த வீடியோவிலிருந்தே ஒரு படத்தை ஃபோன் முகப்பில் போடலாம் என்று வெட்டி எடுத்தேன். ஏதோ பிழை. யாரோ வேறு குதிரை மாதிரி. என்ன என்று பிடிபட இரண்டு நிமிடம் சென்றது.

அவனுடைய பிடரி மயிர் எப்போதும் வலது பக்கம்தான் விழும். எத்தனை தரம் படம் கீறியிருக்கிறேன். இதில் இடது பக்கம் கிடக்கிறது.

பழனியம்மா அக்காவுக்குக் கோல் எடுத்தேன்.

"அது செல்பி புள்ள. ஏன், நா குண்டாத் தெரியிறேனா?"

செல்ஃபி. முன் கேமரா. இடம் வலமாத் திரும்பியிருக்கு. அப்ப நான் கண்டது வலது கால் இல்ல, இடது கால். அவங்க பார்த்தது மற்றக் கால!

நாளைக்கு நாலு மணிக்கு முடிவு. ஒருத்தரும் என்னட்ட இனிக் கேக்கப்போறதில்ல. வாயை மூடிக்கொண்டிருந்தா காணும், அவன் ஓடுவான். ஒரு ஓட்டம்தானே? ஒண்டரை நிமிசம்தானே? ஒண்டும் ஆகாமலும் போகலாம்தானே?

நான் ஏன் பிடரியைப் பார்த்தனான்.

வளைவில அவன் எழும்பும்போது முழுப் பாரமும் அந்தக் காலில இறங்கினா?

ஏப்ரல் 10, புதன்

மெசேஜ் போட்டால் மறுபடி சிரிப்பார்கள். அதனால் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெள்ளவத்தைக் கடைக்கே போனேன். பத்தரை மணி. மேசையில் லாஸ்ட் பஸ் படம் போட்ட மஞ்சள் டீஷேர்ட் குவியல். குடும்பமே போட்டுக்கொண்டு போக அடித்தது. அங்கிளும் நுஹாவும் ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆ, வந்துட்டாங்க நம்மட நெட் டொக்டர்! இண்டைக்கு எந்தக் கால்?"

"இடது கால், அங்கிள்."

கடைப் பொடியன்கள் எல்லாம் சிரித்தார்கள். சுவர் முழுக்க பாத்ரூம் கண்ணாடிகள். ஃபோனை ஒரு கண்ணாடிக்கு முன்னால் பிடித்து வீடியோவைப் போட்டேன். கண்ணாடிக்குள் பிடரி சரியான பக்கம் திரும்பியது. கால் இடது காலானது.

அங்கிள் கண்ணாடிக்குக் கிட்ட வந்தார். தன்னுடைய கையை ஒரு தரம் உயர்த்திப் பார்த்தார். வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் அவரே ஃபோனை வாங்கிப் பிடித்தார். பிறகு லாயத்துக்குக் கோல் எடுத்து, "ட்ரெய்னர் வேணாம், டொக்டரக் கூப்பிடுங்க. எடது கால்" என்றார்.

இரண்டரைக்குப் பதில் வந்தது. தசைநாரில் சூடு. ஸ்கேனில் சின்னக் கிழிசல். ஆறு மாத ஓய்வு. ஓடியிருந்தால் அறுந்திருக்கும்.

அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. டீஷேர்ட்டை நாலாக மடித்து வைத்துவிட்டு, "நுஹா, புள்ளைக்கு டீ ஒண்டு குடுங்க" என்று சொல்லி, ஃபோனோடு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பந்தயக்காரருக்குக் கோல் எடுத்தார்.

டீ குடித்தேன். சீனி போட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

ஓடும் குதிரைகளின் பட்டியல் வந்தது. எட்டுப் பெயர். எட்டையும் இரண்டு தரம் வாசித்தேன்.

ஏப்ரல் 20, சனி, பின்னேரம்

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நுவரெலியாவுக்கு வந்துவிட்டேன். நுஹா ஆட்கள் யாரும் வரவில்லை.

நேரே லாயத்துக்குப் போனேன். ஃபோனில் இருப்பதைவிட எவ்வளவு பெரியவன்! ஃபோனில் மணம் வராது. வைக்கோலும் வியர்வையும் ஈரக் கம்பளியும் கலந்த மணம். முன் இடது காலில் வெள்ளைக் கட்டு. என் தலைமயிரை மோந்து பார்த்துத் தும்மினான். "ஒன்ன புடிச்சிருக்கு" என்றார் பழனியம்மா அக்கா.

மூன்றரைக்கு ஒலிபெருக்கியில் பெரிய கப் என்றார்கள்.

"போய்ப் பாரு புள்ள, இதுக்குத்தானே வந்த."

எழும்பினேன். அதே நேரம் அவனும் தலையைத் தூக்கினான். அங்கே குதிரைகள் கிளம்பின சத்தம். அவனுடைய காது இரண்டும் நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பின. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். கதவுக்கு வந்து நெஞ்சால் தள்ளினான். நான் அவனுடைய கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். போகணும், போகணும் எண்டு இழுக்கிறான். விட ஏலாது. மறிச்சது நான்தானே. வேற ஆரிட்டக் குடுக்கிறது அந்தக் கயித்தை?

ஆரவாரம் ஏறி, ஓய்ந்தது. அவன் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் கயிற்றின் தடம் சிவப்பாக இருக்கிறது.

இப்போது பேஜில் போட்டது:

"இண்டைக்குப் பெரிய கப் ஓட்டத்தை ஆராவது வீடியோ எடுத்திருந்தா எனக்கு அனுப்புங்க, ப்ளீஸ். துவக்கத்திலிருந்து கடைசி வளைவு வரைக்கும் முழுசா வேணும். நான் அங்கதான் நிண்டனான். பார்க்கேல்ல."