நீ பாதியில் விட்ட படக்கதைகள்

என் அருமைப் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அவருக்குக் கோபம் வழக்கம்போல, எனக்கு வாய் வழக்கம்போல. அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்தத் தடவையாவது "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே மூச்சில் முடிக்காமல் விவரமாக எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் நடுவில் புகுந்து என்னை நிறுத்த முடியாது அல்லவா. க்ளினிக் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், உள்ளே டாக்டரம்மா ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார், வெளியே நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், டோக்கன் கூப்பிட அடிக்கடி எழுந்து போவேன், எழுத்து கோணிக்கொண்டு போனால் கண்டுகொள்ளாதே.

நீ கிளம்பும்போது உன் பழைய போனில் அந்தப் படக்கதை ஆப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனாயே, பொழுது போகாவிட்டால் படிம்மா என்று, அது இப்போது இந்த க்ளினிக்கையே ஆட்டிவைக்கிறது. காத்திருக்கிறவர்கள் எதைப் படிக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்கிறேன். பல் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடும் இரண்டு கிழவர்கள் கதை, எடுத்தவுடன் முடிந்துவிடும். வேர் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு நீளமாக வேண்டும், அவர்களுக்குக் கலங்கரை விளக்கத்துச் சமையல்காரி கதை, ஆரம்பம் கொஞ்சம் இழுவை, புயல் வருகிற இடம் தாண்டிவிட்டால் கீழே வைக்க மனசு வராது. துப்பறியும் ஆமை கதையை மட்டும் பல் பிடுங்கியவர்களுக்குக் காட்டக் கூடாது என்று இப்போது கண்டிப்பான உத்தரவு. போன வாரம் கூரியர்காரர் பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார், பாவம், வலியை மறக்கட்டுமே என்று, ஆமை துப்பறிய வந்து சேர்வதற்குள் கொலை நடந்த வீட்டையே இடித்துவிட்டுப் புதுவீடு கட்டி வாடகைக்கும் விட்டுவிடுகிற எபிசோடைக் கொடுத்துவிட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் பஞ்சு எகிறி எதிரே இருந்த அம்மாவின் மடியில் போய் விழுந்தது. டாக்டரம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அந்த ஆமைக் கதையை என் போன்லயும் போட்டுக் குடுங்க" என்று கேட்டதும் அதே டாக்டரம்மாதான். பல் காட்ட வருகிற பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை, கலர் போட ஆரம்பித்ததிலிருந்து ஆமைக் கதை கெட்டுப்போச்சு என்கிறார், அந்த மனிதருக்கு எதுதான் பிடித்திருக்கிறது.

பார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரு, டோக்கன் கூப்பிட்டுவிட்டு வருகிறேன். வந்துவிட்டேன். அந்த ஆப் உன் பெயரில் இருக்கிறது, நீ அங்கே படிப்பதும் நான் இங்கே படிப்பதும் ஒரே வரிசையில்தான் வந்து நிற்கும், கடைசியாகத் திறந்தது மேலே, எதுவரை படித்தது என்ற குறிப்போடு. நான் தொடாத கதை மேலே ஏறி நின்றால் பாப்பா படித்திருக்கிறாள் என்று அர்த்தம். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, கூப்பிட்டால் எடுக்கிறாயோ இல்லையோ, எங்கேயோ உட்கார்ந்து கிழவர்கள் சண்டையைப் படித்துச் சிரித்திருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், எனக்குக் காப்பி தொண்டையில் இறங்கும். உளவு பார்த்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். திறந்து வைத்துவிட்டுப் போனது நீ, கண் போகத்தான் செய்யும். இந்த ஒரு மாதமாகத்தான் எனக்கு மனசே சரியில்லை. சோறு காய்ந்து போனாலும் கையில் இருக்கிற கதையை முடிக்காமல் எழுந்திருக்காத பெண் நீ. இப்போது எதை எடுத்தாலும் பாதியில் கிடக்கிறது, சமையல்காரி பாதி, ஆமை பாதி, கிழவர்கள்கூடப் பாதி. ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப மேலே வந்து நின்றது, புருஷனை விட்டுவந்து தனியறையில் இருக்கிற அந்தப் பெண்ணின் கதை. அதிலும், வீட்டுக்காரம்மாவிடம் தன்னைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிச் சாவி வாங்குகிற இடம். நானும் படித்தேன். பேச்சே அதிகம் இல்லை, ஒரு மெத்தை, சுவரில் ஒரு ஆணி, ஒற்றைத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள், அவ்வளவுதான்.

அதோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, ஏண்டி அந்தத் தனியறைக்காரியையே எத்தனை தடவை படிப்பாய், வேறு நல்ல கதையாச் சொல்றேன் படி என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ உடனே அடுப்பில் பால் பொங்குது என்று வைத்துவிட்டாய். மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் உள்ளே விடவில்லை, கடவுச்சொல் கேட்கிறது, பழையதைப் போட்டால் தப்பு என்கிறது. என்னை வெளியே நிறுத்திவிட்டாய் பாப்பா. அன்றையிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கிறேன், மேல் பல் வலிக்கிறவருக்குக் கீழ் பல் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுக்க முடியாமல் மாப்பிள்ளைக்கே போன் போட்டு உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். எப்போதும் "இதோ குடுக்கறேன் அத்தை" என்கிறவர், இந்தத் தடவை "அவ இப்ப இங்க..." என்று ஆரம்பித்து, "தூங்குறா அத்தை" என்று முடித்தார். நடுவில் அவர் எதையோ முழுங்கினது எனக்குத் தெரியாதா. நான் ஒன்றும் துருவவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், நீ தனியாக இருக்கிறாயா? இருந்தால், ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை, யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்து வைக்கவும் மாட்டேன். உன் பெரியம்மா காதுக்குப் போகாது, அவளிடம் சொல்வதும் மைக் வைத்துச் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். எனக்கு வேண்டியதெல்லாம், கதவுக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா, காய்ச்சல் வந்தால் கூப்பிட அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறதா, ஒருத்திக்காக எதற்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா, இதுதான். கோபமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். யாரோ முகம் தெரியாதவர் வரைந்த கதையிடம் போய் அழுகிறவளுக்குப் பெற்றவளிடம் அழத் தெரியாதா? அந்தக் கதையைப் படிக்காதே என்று சொல்லவில்லை, நல்ல கதைதான், க்ளினிக்கில் ஒருத்திக்கு நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாவி வாங்குகிற இடத்திலேயே நின்றுவிடாதே, மேலே படி, கொஞ்ச நாளில் பக்கத்து அறைக்காரி வந்து கதவைத் தட்டுகிறாள், சண்டைக்காரி, ஆனால் தங்கமானவள்.

நான் இப்போது அந்த ஆப்பில் என் பெயரிலேயே தனியாக ஒரு கணக்கு திறந்துகொண்டேன், கூரியர்காரர்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். உன்னுடையதற்குள் என்னை விட வேண்டாம், அது உன் இஷ்டம். என்னுடையதற்குள் நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம். பேசப் பிடிக்காத நாளில் பேசாதே. ஏதோ ஒரு கதையைத் திறந்து மூடிவிட்டுப் போ. நான் தொடாத கதை மேலே வந்து நின்றால் அன்றைக்குப் பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை, என் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. படக்கதை என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்கிற மனிதர், நேற்றுக் காலையில் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்து அந்தத் தனியறைக் கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். டீ ஆறிப்போனது, சூடு பண்ணிக் கொடுத்தேன், அதுவும் ஆறிப்போனது. முடித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா இல்லையா? ஒரு படத்துலகூடக் காணோமே?" அதை வரைந்தவருக்குத் தேவைப்படவில்லை போல என்றேன். எழுந்து போய் உன் ரூமில் மத்தியானம் வரைக்கும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார், என்ன என்று கேட்டதற்கு "உன் வேலையப் பாரு" என்றார்.

டாக்டரம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன். எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், யாரோடும் இல்லாவிட்டாலும் நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. வேளைக்குச் சாப்பிடு, தலை ஈரத்தோடு படுக்காதே. மறக்காமல் குறித்துக்கொள், என் கணக்குக்குக் கடவுச்சொல் உன் பிறந்த தேதிதான். இதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கூரியர்காரர் சத்தம் போட்டார், கண்டுபிடிக்கட்டும், நீ கண்டுபிடித்தால் போதும் எனக்கு.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா

பாப்பா, உன் ரூமில் நான் அடைத்து வைத்திருந்த பழைய சாமான் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன். கட்டில் காலியாக இருக்கிறது.
அப்பா