எட்டாம் வீட்டுச் செவ்வாய்

மைசூர், 1935 மே 9, வியாழன்

கனகத்தின் ஜாதகம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து, தபாலில், கூட ஒரு வரி எழுதாமல். எட்டில் செவ்வாய் உள்ள பெண்ணுக்கு மை செலவழிப்பானேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

இவர் ரயில்வே ஆபீசிலிருந்து வந்து, கவரைப் பிரித்துப் பார்த்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். தங்கைக்குப் பதினெட்டு நடக்கிறது, அப்பா அம்மா இல்லாத பெண், ஊர் என்ன சொல்லும் — வழக்கமான கவலை. தங்கையோ உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். ஜாதகம் திரும்பி வந்த நாளில் இப்படிப் பாடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியதிலிருந்து மகாராணி காலேஜ், மகாராணி காலேஜ் என்று நச்சரித்து, ஆனி முடிவதற்குள் வரன் தகையாவிட்டால் இரண்டு வருஷ இன்டர்மீடியட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று அண்ணாவிடம் வாக்கு வாங்கி வைத்திருக்கிறாள். அண்ணா செவ்வாயைத் திட்டுகிறார். தங்கை செவ்வாய்க்கு நெய் விளக்கு ஏற்றுகிறாள். நடுவில் நான்.

ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு நாலு வயது. நான் தலை பின்னி வளர்த்த பெண்ணை, ஆகாயத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி வேண்டாம் என்பதா? அது என்ன எட்டு, அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று என் கண்ணால் பார்க்காமல் விடப்போவதில்லை.

மே 13, திங்கள்

கமலம்மாளிடம் ஜோசியம் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்த தெருதான், இவரோடு வேலை பார்க்கிறவரின் மனைவி, என் வயது. பிறந்த வீட்டில் காதில் விழுந்து விழுந்தே கற்றுக்கொண்டவள். சம்பளம் கிடையாது, ஊர்வம்பு கொண்டுபோனால் போதும். அதற்கு அக்ரஹாரத்தில் பஞ்சமில்லை.

முதல் பாடம், ராசிக்கட்டம். தரையில் கோலப்பொடியால் போட்டாள். சுற்றிலும் பன்னிரண்டு அறை, நடுவில் வெறும் முற்றம். மேல் வரிசையில் இரண்டாவது அறை மேஷம். அங்கிருந்து வலமாகச் சுற்றினால் ரிஷபம், மிதுனம் என்று போய் மீனத்தில் முடியும். அறைகள் இடம் மாறாது. குடியிருக்கிற கிரகங்கள்தான் மாறிக்கொண்டே இருக்கும்.

நாம் பிறந்த நேரத்தில் எந்தக் கிரகம் எந்த அறையில் இருந்ததோ, அதை எழுதி வைத்தால் ஜாதகம். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். ஒரு நிமிஷத்து ஆகாயத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க அதையே உற்றுப் பார்ப்பது. இதற்கா இத்தனை பெரிய மனிதர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்?

மே 16, வியாழன்

பன்னிரண்டு ராசியும் மனப்பாடம். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

மே 21, செவ்வாய்

இன்று கிரகங்கள். மொத்தம் ஒன்பது. சந்திரன் இரண்டேகால் நாளில் அறையைக் காலி செய்துவிடுவான். சனி இரண்டரை வருஷம் நகரமாட்டான், வாடகை பாக்கிக்காரனைப்போல. நாம் பிறக்கும்போது சந்திரன் எந்த அறையில் இருந்தானோ அது நம் ராசி. கனகம் மீன ராசி, ரேவதி நட்சத்திரம்.

ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிர் அறைகளில்தான் இருப்பார்களாம். ஒருவரை ஒருவர் முறைத்தபடி, ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டு, ஒரு நாளும் சேராமல். எனக்கு என் இரண்டு சித்திகள் ஞாபகம் வந்தார்கள். குரு உட்கார்ந்த இடத்தை விட்டுவிட்டுப் பார்க்கிற இடத்தைத்தான் வாழவைப்பாராம். அது சாட்சாத் இவர். நம் வீட்டில் ஒரு துரும்பை நகர்த்தமாட்டார். எதிர்வீட்டுக்காரர் பரணில் ஏறினால் ஓடிப்போய் ஏணியைப் பிடிப்பார்.

சாயங்காலம் தன் ஜாதகத்தை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். நல்ல பெண்டாட்டி தெரிகிறாள், அதைத் தவிர ஒன்றும் தேறவில்லை என்றேன். சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மே 28, செவ்வாய்

எட்டு எது என்று இன்றுதான் தெரிந்தது.

நாம் பிறக்கிற நேரத்தில் கிழக்கே எந்த ராசி எழும்பிக்கொண்டிருக்கிறதோ அது லக்னம். கட்டத்தில் அந்த அறையில் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கும். அதுதான் முதல் வீடு. அங்கிருந்து எண்ண வேண்டும். ஏழாம் வீடு கணவன். எட்டாம் வீடு மாங்கல்யம். இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு — இதில் ஒன்றில் செவ்வாய் இருந்தால் தோஷம்.

கனகத்துக்குத் துலா லக்னம், செவ்வாய் ரிஷபத்தில். துலாம் ஒன்று, விருச்சிகம் இரண்டு என்று விரல் விட்டு எண்ணினேன். எட்டேதான். மறுபடி எண்ணினேன். அவன் அசைந்து கொடுக்கவில்லை.

கமலம்மாள் தேற்றினாள். தோஷமுள்ள பெண்ணுக்குத் தோஷமுள்ள பையனாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுமாம். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாவிட்டால்தான் ஆபத்து, இல்லாதவர் உயிருக்கே. அடுப்பில் கொதிக்கிற பாலைப் பற்றிச் சொல்கிறவள் மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள்.

ஜூன் 3, திங்கள்

இதை இன்றைக்கே எழுதியே ஆகவேண்டும்.

லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒரு தடவை அடுத்த ராசிக்கு மாறும். அதனால்தான் பிறந்த நேரம் முக்கியம். கனகத்தின் நேரத்தை வைத்துக் கணக்குப் போடச் சொன்னாள் கமலம்மாள். நாழிகையை மணியாக்கி, கூட்டி, கழித்து, ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கினேன். மத்தியானம் ஒன்றேகால் தாண்டிப் பிறந்திருக்கிறாள். துலாம் அப்போதுதான் கால் வைத்திருக்கிறது. பத்து நிமிஷம் முந்தியிருந்தால்கூடக் கன்னி லக்னம் என்றாள். கன்னியிலிருந்து எண்ணினால் செவ்வாய் ஒன்பதில். ஒன்பது பாக்கிய ஸ்தானம், தோஷமே கிடையாது. அடடா, பத்து நிமிஷத்தில் போச்சே என்று இருவரும் உச்சுக்கொட்டினோம்.

வீட்டுக்கு வந்து, டிபன் வைக்க நேரமாகிவிட்டதா என்று கூடத்துக் கெடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால். அப்படியென்றால் நாலரை என்று உலையை ஏற்றினேன்.

ஏற்றிய பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டுக் கெடிகாரம் கால் மணி முன்னால் ஓடும். மாமனார் ரயில்வே கார்டு. ஒரு தடவை தன் ரயிலையே தவறவிட்ட அவமானத்தில் முள்ளைக் கால் மணி தள்ளி வைத்தவர், கடைசிவரை அப்படியே வைத்திருந்தார். இவரும் அதை மாற்றவில்லை. இந்த வீட்டு மனிதர்கள் மூச்சு விடுவதுபோல் கால் மணியைக் கழித்துக்கொள்வோம்.

கனகம் பிறந்தபோது மணி பார்த்தது யார்? வீட்டு மனிதர்தானா?

ஜூன் 5, புதன்

பக்கத்து வீட்டு நஞ்சம்மா!

மாமனார் அன்றைக்கு அரசிகெரேயில் டியூட்டியாம். மாமியாருக்கு வலி எடுத்ததும் ஓடிவந்தவள் நஞ்சம்மா. பிரசவம் பார்த்து, மணி பார்த்து, கரிக்கட்டியால் சுவரில் எழுதி வைத்தவளும் அவளே. மாமனார் ஊரிலிருந்து வந்து அதை அப்படியே ஜோசியரிடம் கொடுத்திருக்கிறார்.

சரியாகப் பார்த்தீர்களா, ஏதாவது கழித்தீர்களா என்று கேட்டேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நானே என் கண்ணாலே பார்த்தது, தாயி. எதுக்குக் கழிக்கணும்? கெடியாரம் சுள்ளு சொல்லுமா?”

அந்தக் கெடிகாரம் பொய்யைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை என்பதை இந்த வயதில் அவளிடம் எப்படிச் சொல்வேன். இல்லை நஞ்சம்மா, சொல்லாது என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 6, வியாழன்

கனகத்தைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன், மக்கு நான். முகம் வெளுத்துவிட்டது.

“மன்னி, அண்ணாகிட்ட சொல்லாதீங்கோ. ஆனி முடியட்டும். அந்த ஒரு செவ்வாய்தான் எனக்குத் துணை.”

நான் மூன்று வாரம் கஷ்டப்பட்டு ஜோசியம் படித்து, கிடைத்த ஒரே பலனை வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டும். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 14, வெள்ளி

ரகசியம் வைத்திருப்பது உபவாசத்தைவிடக் கஷ்டம். அதுவும் கமலம்மாளுக்கு எதிரில்.

ஜூன் 19, புதன்

ஹாசனிலிருந்து ஒரு வரன். வக்கீல், வயது முப்பத்தாறு. முதல் மனைவி தவறிப்போய் இரண்டு வருஷமாகிறது. அவருக்கும் எட்டில் செவ்வாயாம். தோஷமுள்ள பெண்ணாகத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு யாரோ நம் விலாசம் கொடுத்திருக்கிறார்கள்.

இவர் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முப்பத்தாறா என்று கேட்டேன். தோஷம் பொருந்தும்போது வயசு பார்க்க முடியுமா என்றார். கனகம் பாடவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளையின் அம்மா, பெண் என்ன படித்திருக்கிறாள், கோபக்காரியா, சாதுவா, ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய் எட்டிலேயே இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றதும் அவள் முகத்தில் வந்த நிறைவு இருக்கிறதே! தன் பிள்ளை முன்தலை வழுக்கையைப் பற்றியோ முதல் மருமகளைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார், பாட வருமா என்று. வராது என்றாள் கனகம்.

ஆனிக்குள்ளேயே முகூர்த்தமாம். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனபிறகு கனகம் டம்ளர்களை எடுத்துவைத்தாள். அழவில்லை. “துணைன்னு நெனச்சேன், மன்னி. அவனே என்னைப் பிடிச்சுக் குடுத்துட்டான்” என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது. என் பெண்ணை அந்த வழுக்கைக்குக் கொடுக்கவா நான் பின்னலில் குஞ்சலம் கட்டி வளர்த்தேன்? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

ஜூன் 24, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில், இவர் ஆபீசுக்குப் புறப்படுகிற நேரத்தில். கெடிகாரம், நஞ்சம்மா, கரிக்கட்டி, கன்னி லக்னம், எல்லாம் ஒரே மூச்சில்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கூடத்துக்குப் போய் அப்பாவின் கெடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ கனகத்துக்குத் தோஷமே இல்லையா, நாகு?”

இல்லை என்றேன். “ஹாசன்காரருக்கு இருக்கு. நம்ம பொண்ணுக்கு இல்லை. அப்படிக் கல்யாணம் பண்ணினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

இவருக்கு ஜோசியத்தில் முழு நம்பிக்கை. முகம் கறுத்துப்போயிற்று. ஆபீசுக்குப் போகாமல் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஜோசியர் வீட்டுக்கு நடந்தார்.

ஜூன் 27, வியாழன்

ஜோசியர் ஒப்புக்கொண்டாராம். கால் மணி போதாதென்று, அது ரயில்வே டைம், மைசூர்ச் சூரியனுக்கு இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் கழிக்க வேண்டும் என்று அவர் பங்குக்கும் கழித்திருக்கிறார். கன்னி லக்னம், சந்தேகமே இல்லை. கமலம்மாளின் சிஷ்யை ஜெயித்துவிட்டாள்.

ஹாசனுக்குத் தந்தி கொடுத்தோம். இன்று பதில் கடுதாசி வந்தது. சுத்த ஜாதகமுள்ள பெண்ணை எடுத்து இன்னொரு பாவத்தைத் தேடிக்கொள்ள எங்களுக்குத் தைரியமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தோஷம் இல்லை என்ற குற்றத்துக்காக வரன் தட்டிப்போன முதல் பெண் எங்கள் கனகம்தான்.

ஜூலை 3, புதன்

கமலம்மாள் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் மைசூருக்கே விழுந்த மாதிரி. ஜாதகம் சுத்தம் என்ற செய்தி கேட்டு ஒரே வாரத்தில் நாலு இடத்திலிருந்து கேட்டு அனுப்பிவிட்டார்கள். முன்னே தபாலில் திருப்பிய ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்களும் அதில் அடக்கம். இவர் உற்சாகமாக உட்கார்ந்து புது ஜாதகத்துக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனி முடிய இன்னும் நாள் இருக்கிறதே.

கனகம் போய் எதிரில் நின்றாள். அண்ணாவிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“என் செவ்வாயைப் பத்தி ஊரெல்லாம் விசாரிச்சே, அண்ணா. என்னை என்னிக்காவது ஒரு வார்த்தை கேட்டியா?”

இவர் பேனாவை மூடிவைத்தார். நகல்களை அடுக்கி அலமாரியில் வைத்தார்.  நான் சீண்டவில்லை, அபூர்வமாக.

ஜூலை 6, சனி

நகல்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. தபாலில் போடவில்லையா என்று கேட்டால், ஸ்டாம்பு இல்லை என்கிறார். ஸ்டாம்பு இருக்கிறது. நானே பார்த்தேன்.

ஜூலை 10, புதன்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர் பொறுக்கமாட்டாமல் காலையில் நேரிலேயே வந்துவிட்டார். ஜாதகத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம், அப்படியே பெண்ணையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று. நான் காபி கொண்டுபோய் வைத்தேன்.

“ஜாதகம் இன்னும் முடியலை” என்றார் இவர். “புதுசாக் கணக்குப் போட வேண்டியிருக்கு. ரெண்டு வருஷம் ஆகும்.”

வந்தவர் சிரித்தார். ஒரு ஜாதகத்துக்கு இரண்டு வருஷமா, எந்த ஜோசியர் போடுகிறார் என்று கேட்டார்.

“ஜோசியர் இல்லை. கனகமே போடறா, மகாராணி காலேஜிலே.”

வந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் முகத்தையே பார்த்தார். இவர் விளையாடவில்லை. நேற்று அரை நாள் லீவு போட்டு, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, அவளைக் காலேஜ் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் உள்ளே போகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தவர் இவர்தான். எனக்கே சாயங்காலம்தான் சொன்னார்.