நோட்டீஸில் இல்லாத பெயர்

அண்ணே,

பரணிலிருந்து இறக்கிய நோட்டீஸ் கட்டைப் பிரித்ததும் பழைய அச்சு மையோடு அந்துருண்டை நெடியும் சேர்ந்து வந்தது. நம் குழு பாடிய திருவிழா நோட்டீஸ் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. ஒன்றில்கூட நம் பெயர் இல்லை. உங்களைத் திட்டிக்கொண்டேதான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

எங்கோ ஒரு வெளியூர்க் குழு 'வெண்கரை' என்ற நம் பெயரைத் தன் பெயராகப் பதிய விண்ணப்பித்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நான் எதிர்ப்பு மனு போடவேண்டும். விட்டால், நீங்கள் வைத்த பெயரைச் சொல்லி நான் மேடையேற முடியாது. இரண்டு வாரமாக வக்கீல் ஆபீசுக்கு நடக்கிறேன்.

"உங்க அண்ணே கச்சேரிக்குப் போட்ட ஆரம்ப மெட்டுக்குக் காப்பிரைட் இருக்குங்க, அது அவரு வீட்டம்மாவுக்குப் போவும். பேருக்கு அது செல்லாது. பேருன்னா ட்ரேட்மார்க். முதல்ல பயன்படுத்துனது நீங்கதான்னு காட்டணும்" என்கிறார் வக்கீல்.

எதைக் காட்டுவது? அம்பகரத்தூர் நோட்டீஸில் நாம் 'அம்மன் இன்னிசைக் குழு'. கிளிஞ்சல்மேட்டில் 'கடலோசை'. விழாக் கமிட்டி ஆசைப்பட்டால் போதும், ஊருக்கு ஒரு பெயரில் அச்சடிக்க விட்டுவிடுவீர்கள். நான் சண்டைக்கு வந்தால் கீபோர்டைத் துடைத்தபடி, "ஊரே கூடித் திருவிழா எடுக்குது, அவங்க பேரு இருந்துட்டுப் போவட்டுமேம்மா. மைக்ல நம்ம பேரைச் சொல்லிக்குவோம்" என்பீர்கள். சொன்னோம். காற்றில் சொன்னதை இப்போது எந்தத் தாளில் தேடுவது? நல்ல மனுஷர் என்று நீங்கள் பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள், அலைவது நான்.

கட்டின் அடியில் ஒரே ஒரு தாளில் மட்டும் 'வெண்கரை இன்னிசைக் குழு, காரைக்கால்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உங்களுக்கு நான் அடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. எந்தக் கமிட்டியையும் கேட்காமல் நம் குழு அச்சடித்தது அது ஒன்றுதான். அதைப் பார்த்ததும் அழுதேன், அண்ணே. கோபத்தில்தான் பாதி.

வக்கீலுக்கோ சந்தோஷம். "இது போதும்ங்க. அவங்க போன வருஷம்தான் ஆரம்பிச்சிருக்காங்க, இது அதுக்கு முந்துனது. இந்தத் தேதியிலேருந்து பயன்படுத்துறோம்னு போட்டுடலாம்."

அவர் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் போன நாளிலா நம் பெயர் பிறந்தது?

சுவரொட்டியைக் கொடுத்துவிட்டேன். பெயரை விட்டுக்கொடுக்க உங்களைப்போல எனக்கு மனம் வராது. ஆனால் மனுவில் பயன்பாடு தொடங்கிய நாள் என்ற இடத்தில், கோட்டுச்சேரிமேட்டு மேடையில் நீங்கள் முதன்முதலாக மைக்கைப் பிடித்து 'வெண்கரை' என்று சொன்னீர்களே, அந்தத் தேதியை எழுதினேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குத் தாள் எதுவும் இல்லீங்களே. யாரு சாட்சி?"

"அன்னைக்குப் பக்கத்துல நின்னு பாடுனது நான்தாங்க" என்றேன்.