சாப்பாட்டுச் சங்கு

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா, பௌர்ணமி லீவு

காலை முழுக்கத் தூறல். துணி எதுவும் காயவில்லை. தையல் கடைக்கு இன்று பூட்டு, ஆகவே நான் வீட்டில். வீட்டில் இருந்தால் ஓய்வு என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ.

சாந்தி வந்து சேர்ந்தாள். இவருடைய தங்கை, பன்வில பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் சில நாள் எங்களோடு. நிரோஷனுக்கு ஒன்பது வயது, வாய் மூடாது. கவிக்கு நாலு. பெரஹரா ஊர்வலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றே வந்தார்களாம். கவி என் சேலையில் வாந்தி.

வாங்க: அரிசி 5 கி., பருப்பு, பாண், மகள் ரம்யாவுக்கு இருமல் மருந்து, கவிக்குச் செருப்பு (வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது).

இவர் பின்பக்கம் மண்புழு தோண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அத போய நே?" என்றார். போயா நாளில் மீன் பிடிக்கவா என்று அர்த்தம். இவர் பல்லைக் காட்டி, இல்லை இல்லை, ஞாயிறுதான் என்று சிங்களத்தில் சமாளித்தார். புழுக்கள் ஜாம் போத்தலில், என் சமையலறை யன்னலில். எடுக்கச் சொல்லியாயிற்று. இன்னும் அங்கேதான்.

ஞாயிறு பிள்ளைகளையும் கூட்டிப் போவாராம். எனக்குச் சரிப்படவில்லை. இவர் போகும் இடம் அணைக்குக் கீழே, எங்கள் ஊர்க் கங்கை ஆறு வளையும் இடத்தில். தட்டையான கறுப்புப் பாறைகள், பார்க்க அழகு. மேலே கதவு திறந்தால் அத்தனையும் தண்ணீருக்கு அடியில். திறக்கும் முன் அணையிலிருந்து சங்கு ஊதுவார்கள், சைரன்தான். ஒருமுறை பார்த்திருக்கிறேன், போதும்.

"மூணு தடவ ஊதுவாங்க வாணி. மூணாவதுக்குத்தான் தண்ணி வரும். எத்தன வருஷமா போறேன், எனக்குத் தெரியாதா?"

வருஷக்கணக்காகப் போகிறார், சரி. பிள்ளைகள் இல்லாமல் போனார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆகஸ்ட் 9, சனி

கடை அரை நாள். ஸ்கூல் கவுன் தைத்துத் தைத்துக் கண் எரிகிறது. வெள்ளைத் துணியைக் கண்டாலே வெறுப்பு.

கவிக்குச் செருப்பு வாங்கியாயிற்று. சிவப்பு. ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன், அடுத்த வருஷமும் போடலாம். பிள்ளை அதைக் கழற்றாமலே தூங்குகிறாள்.

பஸ்ஸில் கொண்டக்டர் யாரிடமோ, ஹட்டன் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுவதாகச் சொன்னார். அங்கே ஊற்றினால் இங்கே கங்கை பெருகும். இவரிடம் சொன்னேன். "இங்க வெயிலடிக்குதே" என்றார். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

கடைசியில் ஒப்புக்கொண்டேன். நானும் வருவேன் என்ற பேச்சில். சட்டம்:
பிள்ளைகள் கரைமேல் மூங்கில் புதரடியில் மட்டும்.
நான் சொல்லாமல் பாறைக்கு இறங்கக் கூடாது.
கவி கை ரம்யா கையில்.

"மீன் மாட்டுனா பாக்க எறங்கலாமா அத்தை?" என்று நிரோஷன்.

"மாட்டுனா மீனு மேல வரும். நீ கீழ போகாத."

சங்கு ஊதினால் என்ன என்று ரம்யாவை உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வரை காத்திருக்கும் கதை எல்லாம் அப்பாவோடு. நீ முதல் சங்குக்கே மேட்டுக்கு ஓடு என்றேன். தலையாட்டினாள். இருமல் குறையவில்லை, தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதிவிட்டால் கண்ணை விட்டுப் போகுமா பார்ப்போம்.

நல்ல வெயில். இறங்கும் வழியில் எச்சரிக்கைப் பலகை. சிங்களம் பளிச்சென்று தெரிகிறது. தமிழ் எழுத்தின் மேல் ஒரு டியூஷன் நோட்டீஸ், புலமைப்பரிசில் வகுப்பு. கிழிக்க நினைத்தேன், இரண்டு கையிலும் சோற்றுப் பார்சல். நடந்துவிட்டேன்.

பிள்ளைகள் மூங்கிலடியில். இவர் தூரத்துப் பாறையில் தூண்டிலோடு. சாந்தி கரையோரப் பாறையில் தண்ணீரில் கால் நனைத்து, "எவ்வளவு சொகமா இருக்கு அண்ணி" என்றாள். கொழுந்துக்கூடை இல்லாத முதுகோடு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தேன்.

குடிக்கத் தண்ணீர் எடுத்துவர மறந்திருந்தோம். ரம்யா விடாமல் இருமினாள். றோட்டுக் கடையில் போத்தல் வாங்க ஏறினேன்.

"புள்ளைங்கள பாத்துக்க சாந்தி."

"நான் பாக்காமலா அண்ணி."

கடை வாசலில் நிற்கும்போது சங்கு. நீளமாக. அங்கிருந்து கங்கை முழுக்கத் தெரியும். சாந்தி எழுந்தாள், கையைப் பாவாடையில் துடைத்தாள். மேலே ஏறப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் பார்சல்களைப் பாறைமேல் வரிசையாக விரித்தாள். மூங்கில் பக்கம் திரும்பிக் கையசைத்தாள்.

"சங்கு ஊதிருச்சு! சாப்புட வாங்க!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பெக்டரி சங்கு ஊதினால் பகல் சோறு. கூடையை இறக்கி, நின்ற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டது அதைத்தான். அவள் பிள்ளைகளும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். நிரோஷன் கவியை இழுத்துக்கொண்டு கரையிலிருந்து பாறைக்கு ஓடினான். ரம்யா மட்டும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கட்டிய தொண்டை. யாருக்குக் கேட்கும்?

இவருக்குச் சங்கு கேட்டது. திரும்பினார். பிள்ளைகள் இறங்குவதைப் பார்த்தார். தூண்டில் வளைந்திருந்தது. மறுபடி தூண்டில் பக்கம் திரும்பிவிட்டார்.

ஓடினேன். பக்கத்தில் நின்ற திரீவீல்காரரும் "நகின்ன! நகின்ன!" என்று, ஏறு ஏறு என்று, கத்திக்கொண்டே கூட ஓடிவந்தார். வழியில் விழுந்தேன், முழங்கால் போயிற்று. இரண்டாவது சங்கு. தண்ணீர் அதற்குள் மண்ணிறம், சருகு அடித்துக்கொண்டு வந்தது.

சாந்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கையில் சோற்று உருண்டை.

"என்ன அண்ணி, ஊறுகா மறந்துட்டீங்களா?"

நிரோஷனைச் சட்டையோடு பிடித்துக் கரையில் எறிந்தேன். "ஏறுடி! தண்ணி வருது!" சாந்தி கவியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், இறக்கிவிட்டாள், மூச்சு வாங்கினாள். அவ்வளவு நேரம்தான். கவி தன் வெறுங்காலைப் பார்த்தாள். சாப்பிட உட்காரும்போது செருப்பைக் கழற்றிப் பாறையில் ஒழுங்காக வைத்திருந்தாள். திரும்பி ஓடிவிட்டாள்.

பாறைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. கவி பாறையில், கைக்கு ஒன்றாகச் செருப்போடு. அழவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

அப்போதுதான் இவர். தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு, பாறைக்குப் பாறை தாவி, கடைசியில் நீருக்குள்ளேயே இறங்கி வந்தார். பிள்ளையைத் தோளில் போட்டார். தண்ணீர் நெஞ்சு வரை. கால் இடறியது, நான் பார்த்தேன். திரீவீல்காரர் மூங்கில் கழி ஒன்றை நீட்டினார். பிடித்துவிட்டார்.

எல்லோரும் கரையேறி நின்ற பிறகு மூன்றாவது சங்கு ஊதியது. பாறை எதுவும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேகமூட்டம். வேலைக்குப் போனேன். கவுன் கையை மாற்றி வைத்துத் தைத்து முதலாளியம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

சாந்தி அழுதபடியே. "நானேதான கூப்புட்டேன் அண்ணி. மேல இருந்த புள்ளைய நானேதான கீழ கூப்புட்டேன்." திட்ட நினைத்தேன். ரம்யாவுக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு, பெரியவளுக்குச் சொல்லத் தோன்றவில்லையே.

இவரோடு பேச்சில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்து அவராகவே சொன்னார்: "பெரிய மீனு வாணி. மூணாவதுக்குள்ள இழுத்துரலாம்னு நெனச்சேன்."

பிள்ளையைத் தூக்கி வந்தவரும் அவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் தூண்டில் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். கோபம். கோபம் என்றுதான் எழுத வேண்டும், வேறு பெயர் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. ஜாம் போத்தல் யன்னலில் இல்லை. புழுக்களை வாழையடியில் கொட்டிவிட்டாராம்.

சாயங்காலம் இவரும் நிரோஷனும் எங்கேயோ போய் நனைந்து வந்தார்கள். நிரோஷன் வாய் நிற்குமா? "மாமா பிளேடு வச்சு போர்டு நோட்டீச சொரண்டிட்டாரு அத்தை. நான்தான் அவருக்கு தமிழ வாசிச்சுக் காட்டுனேன். மொதச் சங்குக்கே ஏறணுமாம்."

இன்று இவருக்கு இரண்டாம் முறையும் குழம்பு ஊற்றினேன். அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

சாந்தி புறப்பட்டாள். லீவு மிச்சம் இருக்கிறது, இருக்க மனமில்லை என்றாள். பஸ் ஸ்டாண்டில் கவி என் கையை விடவே இல்லை. காலில் அந்தச் சிவப்புச் செருப்பு. அதைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. ரம்யாவுக்குத் தொண்டை திறந்துவிட்டது.

மத்தியானம் சாந்தி எனக்குப் போன் எடுத்தாள். கவி மறுபடி பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறாளாம், அம்மாமார் மலைக்குப் போனதும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். பகல் சங்கு ஊதியதும் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கோப்பையோடு உட்கார, இவள் மட்டும் எழுந்து, பக்கத்தில் இருந்த குட்டிப் பையனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கோயில் மேட்டுக்கு ஏறிவிடுகிறாளாம். நேற்றும் அப்படி, இன்றும் அப்படி. ஆயா பின்னால் ஓடிக் களைத்துப்போய் முறைப்பாடு.

"அடிச்சும் பாத்துட்டேன் அண்ணி, கேக்க மாட்டேங்குறா. சங்கு ஊதுனா இவளுக்கு எப்புடித்தான் சோறு குடுக்குறது?"

"அடிக்காத சாந்தி. சோத்த மேட்டுக்குக் கொண்டு போ."