தூண்டிலின் காது

1996 மார்ச் 4, திங்கள்

வத்தேகம பஸ் இன்றும் லேட். குண்டசாலைத் தொழிற்சாலையில் நான் ஈ கட்டத் தொடங்கி ஏழு மாதம். வெளிநாட்டில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்குப் போகும் பொய் ஈ. தூண்டில் முள்ளைக் கிடுக்கியில் மாட்டி, நூல் சுற்றி, வால் வைத்து, சேவல் இறகை மூன்று சுற்று, தலையில் முடிச்சு. அவ்வளவுதான். ஆனால் தூண்டிலின் காதை, முள்ளின் தலையில் இருக்கும் ஓட்டையை, ஒட்டிக் கொஞ்சம் இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் மீன் பிடிக்கும் நைலோன் நரம்பை எங்கே கோர்ப்பது?

மேற்பார்வை பார்க்கும் யசோதா மிஸ்ஸுக்கு அது பிடிக்கவில்லை. கட்டுக்கலைக் கோயிலுக்கு மாலை கட்டும் வீட்டுப் பெண். "என்ன ரத்தினம்மாக்கா, மொட்டையா இருக்கு? பூ மாதிரி நெருக்கிக் கட்டுங்க."

சாமி கழுத்துக்கா போகுது? மீன் வாய்க்குத்தானே!

மார்ச் 6

மற்றப் பதினொரு பேரும் நெருக்கிக் கட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். காது அடைத்துவிட்டது. நான் மாற்றவில்லை.

மார்ச் 8

"எல்லாத்தையும் அவுத்துட்டுத் திரும்பக் கட்டுங்க" என்று யசோதா மிஸ் என் பெட்டியைத் தள்ளினாள். முடியாது என்றேன். அவள் மாதிரிக்குக் கட்டிய ஈயையும் நரம்பையும் எல்லார் முன்னாலும் நீட்டினேன். "இதுல கோர்த்துக் காட்டுங்க மிஸ்."

அவள் நரம்பை வாங்கவே இல்லை. "திங்கக்கிழமையிலேருந்து இறகு கழுவப் போங்க."

ஓடர் அவசரம், அவிழ்த்துக் கட்ட ஆள் போதாததால் என் பெட்டியும் அப்படியே கப்பலுக்குப் போனது, என் வேலை நம்பர் 27 எழுதிய சீட்டோடு.

மார்ச் 12

கையெல்லாம் கோழி நாற்றம். மன்னிப்புக் கேட்டால் மேசை திரும்பக் கிடைக்குமாம். ஸ்டோர் கறுப்பையா அண்ணன் வந்து சொன்னார். எதுக்குக் கேக்கணும்? சரியாக் கட்டினதுக்கா? பஸ்ஸில் அழுதேன் — அது வேற. கேக்கமாட்டேன்.

ஏப்ரல் 16

வருசப் பிறப்புக்குப் பொங்கின கையிலும் அதே நாற்றம். இன்னும் கேட்கவில்லை.

மே 20, திங்கள்

சரக்கு திரும்பி வந்துவிட்டது. ஆளுக்கொரு ஊசி கொடுத்து, அடைத்த காதுகளைக் குத்தித் திறக்கச் சொன்னார்கள். வந்த பெட்டிகளில் 27 இல்லை. கறுப்பையா அண்ணனோடு இரண்டு தரம் தேடினேன். இல்லவே இல்லை!

மே 22

மேசைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்தான்.

மத்தியானம் யசோதா மிஸ் தான் கட்டிய ஈ ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நரம்பைக் கோர்த்துப் பார்த்தேன். இறகில் உரசிக்கொண்டு போனது.

"இன்னுங் கொஞ்சம் இடம் விடுங்க மிஸ்" என்றேன்.

பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.