மடைப் பக்கத்து விரால்

பிப். 9, ஞாயிறு
லேசான பனி. காற்று இல்லை. ஐந்தரைக்கே ஸ்கூட்டரில் கிளம்பி, கொற்கை போகும் வழியில் நம்ம குளம். மழைத் தண்ணீர் இன்னும் கரையைத் தொட்டபடி.
இடம்: கருவேல மரத்து மூடு. இரை: மண்புழு. கிடைத்தது: ஜிலேபிக் கெண்டை ஏழு. கிழிந்தது: பேண்ட் (தொப்பையோடு குனிந்ததால்).
இந்த வருஷம் ஒழுங்காகக் குறித்துவைக்க வேண்டும். எந்த மாதம், எந்தக் காற்று, மீன் எங்கே.
வீட்டுக்காரி: "கடலப் பக்கத்துல வச்சிக்கிட்டு கொளத்துக்குத் தூண்டி தூக்குத ஆளு, முந்தி ரெண்டு பேரு. இப்போ நீங்க ஒருத்தருதான்."
இரண்டாவது ஆள் ஜெரோம் (இனி ஜெ.). போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பிப். 23, ஞாயிறு
வெயில். தண்ணீர் இரண்டடி இறக்கம். கருவேல மூட்டில் மூன்றே மூன்று. வடகரையில் பூஜ்யம்.
மடைப் பக்கம் யாரோ இருமினார்கள். ஜெ. இருமல் மாதிரியே. பார்த்தால் கொக்கு. கொக்கு இருமுமா? யாரிடம் போய்க் கேட்பது.
டீக்கடையில் ஒருவர்: "அண்ணாச்சி, மடைக்கல்லுல விழுந்து செத்தது உம்ம கூட்டாளிதான? தானாப் போயி விழுந்தாருன்னுல்லா சொல்லுதாவ."
ஊர்க்கதை எதுவானாலும் உப்புப் போட்டுப் பரிமாறுகிறவன் நான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
குளத்துக்குப் போகவில்லை. ஜெ. மனைவி ஸ்டெல்லா வந்தாள். சனிக்கிழமை ஆண்டுப் பூசை.
"அண்ணே, நீங்களும் அன்னைக்கு அங்கனதான இருந்திய. அவிய என்னைக்கும் மடைப் பக்கம் போனதில்லையே, ஏன் போனாவ? நாந்தான் ஏதோ சொல்லிட்டேன், அதான் விழுந்துட்டாவன்னு ஊரு பேசுது."
"காப்பி குடி தங்கச்சி" என்றேன். ஐம்பத்திரண்டு வயது அறிவு அவ்வளவுதான்.
இங்கே மட்டும் எழுதுகிறேன். தூண்டில்காரன் எவனும் மீன் கடிக்கும் இடத்தைச் சொல்லமாட்டான். சாவுக்கு முந்தின நாள் ஜெ. கேட்டான்: "ஏலே, எங்கன கடிக்கி?" "மடைக்குப் போலே, விராலு கொட்டுது" என்றேன். பச்சைப் பொய். கருவேல மூடு எனக்கே வேண்டும். மறுநாள் காலை மடைப் பக்கம் தண்ணீர் தளப்பென்றது. பெரிசு ஒன்று மாட்டிவிட்டது என்று வயிறெரிந்தேன். அரை மணி நேரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வியாழன்
தென்காற்று. தண்ணீர் பாதிக்கும் கீழே. மூட்டில் இல்லை, வடகரையில் இல்லை. பாக்கி ஒரே இடம்.
மடை. இரை: உயிர்க் கெண்டைக் குஞ்சு. ஏழு மணிக்குள் விரால் நாலு, ஒன்று முழங்கை நீளம்.
ஆக, தண்ணீர் வற்ற வற்ற விரால் மடைப் பள்ளத்துக்கு இறங்குகிறது. போன வருஷமும் இறங்கியிருக்கும். "நான் சொன்னது பொய்யே இல்லல" என்று வாய்விட்டுச் சொன்னேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.
"ஆமாலே" என்று பின்னால் கேட்டது.
திரும்பவில்லை. நாலையும் தண்ணீரிலேயே விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி
சாயங்காலம் ஸ்டெல்லா வீடு. சொல்லிவிட்டேன். பொய், தளப், அரை மணி நேரம், எல்லாம்.
அவள்: "அப்போ மீன் பிடிக்கத்தான் போனாவளா?"
"ஆமா."
"வேற ஒண்ணுமில்லையே?"
"சத்தியமா இல்ல தங்கச்சி."
முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டாள். "இனி இந்த வீட்டுப் படி ஏறாதிய. நாளைக்குப் பூசைக்கு மட்டும் வாங்க. ஊர்க்கதையெல்லாம் சொல்லுவியல்லா? கோயில் வாசல்ல நின்னு இதையும் சொல்லுங்க. ஒவ்வொருத்தராப் புடிச்சிச் சொல்லணும்."
பூசை ஆறரைக்கு.