சமதரையில் ஒரு வீடு

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

மோட்டர் பழுது. கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கினேன். அம்பிட்டியவில் இந்த மேல்மாடிக்கு வந்து பத்தொன்பது வருடம். ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் எத்தனை படி என்று என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணமாம், மேல்மாடி அவனுக்கு வேண்டுமாம். ஆகஸ்ட் முடிவதற்குள் காலி செய்யச் சொல்கிறார். நல்ல மனிதர்தான், கதிரையின் நுனியில் உட்கார்ந்துதான் சொன்னார். அவர் போனதும் இவர், "வேற வாடகை வீடு பாப்போம்" என்றார்.

இல்லை. இனி வாடகை வீடு பார்க்க மாட்டேன். ஜூனில் ஓய்வு பெறுகிறேன். மாநகர சபையில் முப்பது வருடம் கோப்பு சுமந்ததற்கு மொத்தமாக ஒரு பணம் வரும். அதில் வீடு வாங்குவேன். எழுதிவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

பெப்ரவரி 19, திங்கள்

கண்டியைச் சுற்றி நம் கைக்கு எட்டுகிற காணியெல்லாம் சரிவு. குண்டசாலையில் சமமாக ஒன்று இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

இன்று பக்கத்து மேசை ஹிதாயா சொன்னாள்: "எண்ட தங்கச்சி கல்முனையில கலியாணம் முடிச்சி ஈக்கிறாதானே. அந்தப் பக்கம் களுவாஞ்சிக்குடியில ஒரு வீடு விலைக்கு ஈக்குதாம் கஜா. கடலுக்குக் கிட்ட." போனில் படம் காட்டினாள். ஓட்டு வீடு, கிணறு, இரண்டு தென்னை. வாசலில் ஒரு படிகூட இல்லை.

முன்பு அந்தப் பக்கம் பாசிக்குடாவுக்கு ஆபீஸ் ட்ரிப் போனோம். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். உருட்டிவிட்ட தேங்காய் போட்ட இடத்திலேயே கிடக்கும் தரை. ஹேவாஹெட்ட மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது ஒரு அதிசயம்.

இவரிடம் சொன்னேன். "சுனாமி வந்தா?" என்றார். இங்கே மண் சரிகிறது, அங்கே கடல் வருகிறது. எங்கே இருந்தாலும் பயந்துதான் ஆக வேண்டும். நான் சமதரையில் இருந்து பயப்படுகிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

இவரும் இவருடைய அண்ணன், என் பெரிய அத்தான் தியாகராஜாவும் நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பழத் தட்டோடு வீடு பேசப் போய் வந்தார்கள். பெரிய அத்தான் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை. டவுனில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை இருப்பதும் ஒரு காரணம். என்னைக் கூட்டிப் போகவில்லை. மஹியங்கனை வளைவுகளில் எனக்கு வாந்தி வருமாம். வரும்தான்.

கருவாடும் சந்தோஷமுமாகத் திரும்பினார்கள். வீட்டுக்கார மனிதர் லெட்சுமணன் தங்கமானவராம். நண்டுக்கறி போட்டாராம், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

"அவரு சம்சாரம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க குசினியில இருந்தாங்க."

அத்தான் எழுந்து போகும்போது, "வீட்டு உறுதிப் பத்திரத்த துஷாந்த் பேர்லயே எழுதிருவோம் மோகன். பொம்பள பேர்ல எழுதினா, நாளைக்கு மாத்தறதுக்கு இன்னொரு செலவு" என்றார். துஷாந்த் எங்கள் ஒரே மகன், கொழும்பில் வேலை. இவர் தலையாட்டினார். நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் போனேன்?

மார்ச் 11, திங்கள்

என் காசு, என் பேர்ல எழுதுங்கன்னு சொன்னேன். "அண்ணன் யோசிக்காம சொல்லமாட்டாரு"ங்கிறார். அப்ப நான் யோசிக்காதவளா? முப்பது வருசமா ஊரான் வீட்டு வரிக் கோப்பெல்லாம் பாத்தவ நான்!

பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். ஹேவாஹெட்ட பஸ் வந்தது, ஏறிவிட்டேன். தலாத்துஓயா வந்த பிறகுதான் புத்தி வந்தது — எங்கே போகிறேன்? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் லயக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு, அதுதான் அங்கே சட்டம்.

இறங்கி ஒரு பிளேன்டீ குடித்தேன். எதிர்ப் பக்கம் நின்று கண்டி பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். இவர் கதவைத் திறந்தார், எங்கே போனாய் என்று கேட்கவில்லை. போக இடமில்லை என்று அவருக்கும் தெரியும். அதுதான் என்னைச் சுட்டது.

அறுபது வயது ஆகப்போகிறது. கோவித்துக்கொண்டு போக எனக்கு ஒரு வீடு இல்லை.

மார்ச் 27, புதன்

லெட்சுமணன் போன் எடுத்தார். வீடு கொடுப்பதில்லையாம். "அவ ஓமெண்டு சொல்லல்ல தம்பி, நான் என்ன செய்ய." தட்டை வாங்கியவர் இப்படிச் சொல்லலாமா என்று அத்தான் கொதிக்கிறார். பொண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறவனாம்.

ஹிதாயாவிடம் சொன்னால், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அல்லாவே, மனிசன்டயா போய்க் கேட்டீங்க? அந்தப் பக்கம் ஊடு பொம்பிளைக்குத்தான். தாய் மகளுக்குக் குடுக்கும். மாப்பிள வந்து குடியிருப்பார், அவ்வளவுதான். தமிழாக்களும் அப்பிடித்தான், எங்கட ஆக்களும் அப்பிடித்தான்."

அப்படியானால் வீட்டை வைத்திருப்பவளிடம் இன்னும் யாரும் பேசவே இல்லை. நான் போகிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்றுத் தனியாகப் போனேன். பதினெட்டு வளைவில் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் வாந்தி எடுத்தேன். எடுத்தால் என்ன, போய்ச் சேர்ந்தேனே.

வீட்டுக்காரி அன்னலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும். நேரே குசினிக்குள் கூட்டிப் போனாள். தேங்காய் துருவிக்கொண்டே பேசினாள்.

"என்ட அம்மா எனக்குத் தந்த வீடு இது. உங்கட ஆக்கள் வந்த நேரம் நான் இஞ்சதான் நண்டு ஒடச்சிட்டு இருந்தன். என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. இவரிட்ட வெத்திலையக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நண்டு மட்டும் நல்லாச் சாப்பிட்டாங்க."

நாலும் ஆண்பிள்ளைகளாம். நாலு பேரும் கட்டிய இடத்தில் மனைவிமார் வீட்டோடு போய்விட்டார்கள். கொடுக்க மகள் இல்லை. பக்கத்தில் தங்கையின் வளவில் சின்னதாக ஒரு வீடு போட்டு அங்கே இருக்கப் போகிறாள்.

"ஆர்ர பேர்ல எழுதப் போறீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மகன் பேர்லன்னு பேசிக்கிறாங்க."

துருவுவதை நிறுத்தினாள். "அப்ப நீங்க புருசனோட கோவிச்சா எங்க போவீங்க?"

"தலாத்துஓயா வரைக்கும்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பஸ் ஏறிய கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு ஒரு சின்ன மண் முட்டியில் தண்ணீர் தந்தாள்.

"இஞ்ச கோவிச்சா வெளியால போறது ஆம்பிளைதான். என்னப்பா?"

வெளியே வலை பின்னிக்கொண்டிருந்த லெட்சுமணன், "ஓம், ரெண்டு மூணு தரம் போயிருக்கன்" என்றார். குறைபட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"என் பேர்ல எழுதுறேன். குடுப்பீங்களா?" என்று கேட்டேன். கண்டி மார்க்கட்டில் வாங்கிய வெற்றிலை பையில் வாடிக்கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன். அவள் எழுந்து நின்று, தேங்காய்ப்பூ ஒட்டிய கையால் வாங்கினாள்.

மே 5, ஞாயிறு

அத்தான் வந்தார். வெற்றிலை அன்னலட்சுமி கைக்கு மாறியதையும் உறுதி என் பேரில் என்பதையும் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. "அந்தம்மா வெச்ச சட்டமா இது?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சண்டை முடிந்திருக்கும். அவளுக்குப் பின்னால் ஒளிய எனக்கு மனமில்லை. "அவங்க சொல்லாட்டியும் என் பேர்லதான் அத்தான்" என்றேன். முப்பத்து நாலு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் மறுப்பு. இந்த முறை கோப்பைகளை எடுக்கப் போகவில்லை, கதிரையிலேயே இருந்தேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, "அவ காசுண்ணே" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இரவு துஷாந்த் போனில்: "கடற்கரையில எனக்கு எதுக்கும்மா வீடு? நீங்க இருந்தா நான் லீவுக்கு வர்றேன்."

ஜூலை 18, வியாழன்

கையெழுத்து வைத்தாயிற்று. என் பேனா எழுதவில்லை, பத்திரம் எழுதிய நொத்தாரிசு தன் பேனாவைத் தந்தார். மோகனராஜ் கஜலட்சுமி. உறுதியில் என் பெயரை அவர் சத்தமாக வாசித்தபோது இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லலாமா என்று இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்பிட்டியவை விட்டு வந்தோம். ஹிதாயா லொறி வரைக்கும் வந்து அழுதாள். கடைசிப் படியில் நின்று ஒருமுறை மேலே பார்த்தேன். திரும்ப ஏறவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீடு வைத்திருப்பது சும்மா இல்லை. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது. இரும்பு அலுமாரிக்கு இப்போதே துரு. கூட்டக் கூட்ட மணல். எல்லாம் என் தலைவலி. என் தலைவலி என்பதில் ஒரு பெருமை.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை. காலையில் சண்டை. அண்ணன் குடும்பம் மொத்தமும் லீவுக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், வந்து தங்கட்டும் என்று இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். வரட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் சொன்னேன். "எல்லாத்துக்கும் ஒன்கிட்ட கேக்கணுமா?" என்றார். "கேக்கணும்" என்றேன்.

சட்டையை மாட்டினார், குடையை எடுத்தார், போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். யோசித்துப் பார்த்தால், பையைத் தூக்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

மத்தியானம் அன்னலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்க அவர்?" என்றாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"வருவார்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனாள்.

பொழுது சாயும்போது வேலிப் படலையில் குடை தெரிந்தது. முழங்கால் வரை மணல். உள்ளே வராமல் நின்றார்.

"கஜா, வரலாமா?"

"எது வரைக்கும் போனீங்க?"

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்."

எனக்குத் தெரியாத தூரமா அது? "கால் கழுவிட்டு வாங்க, சோறு இருக்கு" என்றேன்.

சாப்பிடும்போது, "அண்ணன் வர்றதப் பத்தி நீயே பேசு" என்று போனை என் பக்கம் தள்ளினார். ஒரு கிழமை வரச் சொன்னேன்.